கிண்ணியாவில் ஒரு ரெண்டாங் சட்டி

கட்டாரில் ஏழு வருஷம் முகாம் மெஸ்ஸில் சமைத்தவன் நான். எனக்குப் பக்கத்து அடுப்பில் நின்றவர் இந்தோனேசியாவில் மேற்குச் சுமாத்திராவின் பாடாங் ஊர்க்காரர். வெள்ளிக்கிழமை லீவு நாளில் தன் ஆக்களுக்கென்று ஒரு சட்டி ரெண்டாங் வைப்பார், தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் இறைச்சிக் கறி. எனக்கும் ஒரு கிண்ணம் வரும். ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷமாக அந்த ருசியைத் தேடித் திரிந்தேன். போன மாசம் திருகோணமலைக்குக் கிட்ட, கிண்ணியாவில் கிடைத்தது.

பெயர்ப்பலகை எதுவும் இல்லை. வீட்டுக் குசினியில் சமைத்து, சனி, ஞாயிறு மட்டும் பார்சல் கொடுக்கிறார்கள். சமைப்பவர் ஒரு ராத்தா. ரியாத்தில் வேலை செய்த வீட்டில் கூட இருந்த இந்தோனேசியப் பெண்ணிடம் பழகியதாம். பாலையூற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனேன். 2009இல் பாலம் திறக்க முந்தி என்றால் பாதைப் படகுக்குக் காத்து நின்றே சோறு ஆறிப்போயிருக்கும்.

இந்தோனேசியச் சுற்றுலா அமைச்சு 2018இல் தேசிய உணவுகள் என்று ஐந்தைச் சொன்னது: சோத்தோ, ரெண்டாங், சாத்தே, நாசி கோரெங், காடோ காடோ. சோத்தோ என்கிற சூப்பைத் தவிர மற்ற நான்கும் இவரிடம் உண்டு. நான்கையும் மூன்று வாரமாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரெண்டாங்குக்காகவே போகலாம். மாட்டிறைச்சி, பெரிய துண்டு. பார்சலைத் திறந்தால் கறுப்புக்குக் கிட்டவான மண்ணிறம், சொட்டுக் குழம்பு கிடையாது. துண்டை விரலால் அமத்தினால் நார் நாராகப் பிரிகிறது, ஆனால் கரைந்துபோகவில்லை. மேலே ஒட்டியிருக்கும் தூள் மசாலா மாதிரித் தெரிவது உண்மையில் தேங்காய்ப்பால்தான். வற்றி வற்றி, எண்ணெய் கக்கி, கடைசியில் அந்த எண்ணெயிலேயே பொரிந்து இறைச்சியோடு பிடித்துக்கொள்ளும். பாடாங் பக்கத்து மினாங்கபாவ் ஆக்கள் இதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழம்பாக இருக்கும் வரை குலாய், பாதி வற்றினால் காலியோ, முழுக்க வற்றிக் கறுத்தால்தான் ரெண்டாங். பல இடங்களில் ரெண்டாங் என்று விற்பது காலியோதான்.

"குழம்பு இல்லயா எண்டு கேட்டு ரெண்டு பேர் திருப்பித் தந்துட்டாங்க தம்பி," என்றார் ராத்தா. எனக்கு மனம் பொறுக்கவில்லை. நாலு மணித்தியாலம் அடுப்படியில் நின்று கிளறியதை, கறி தீய்ந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அது தீய்ந்ததில்லை, அந்த நிறத்துக்காகத்தான் அத்தனை நேரமும். கேட்டதும் குசினிக்குள் கூப்பிட்டுச் சட்டியைக் காட்டினார். கிணற்றடியில் வளர்த்த மஞ்சளின் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே விட்டிருந்தார். அந்த இலை வாசம் இல்லாவிட்டால் அது பாடாங் ரெண்டாங் இல்லை. பச்சைப் பேரரத்தை இங்கே கிடைக்காது, நாட்டு மருந்துக்கடையில் காய்ந்தது வாங்கி ஊறவைத்து இடிக்கிறார். அதனால் அந்தக் காரமான மணம் கொஞ்சம் குறைவு. எனக்குத் தெரிந்த ஒரே குறை அதுதான்.

நாசி கோரெங் என்கிற பொரித்த சோற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. திருமலையில் இந்தப் பெயரில் நான் சாப்பிட்டதெல்லாம் தக்காளிச் சோஸ் பிரட்டிய பிரைட் ரைஸ், மேலே ஒரு முட்டை. ராத்தாவுடையது அதைவிட நல்லது, ஆனால் இனிப்புக் கூடிவிட்டது. கெச்சாப் மானிஸ் என்கிற தடித்த இனிப்புச் சோயாவுக்குப் பதிலாகச் சாதாரண சோயாச் சோஸில் கித்துள் பாணி கலக்கிறார். அதைவிட, தெராசி இல்லை. இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் அந்தக் கட்டி இல்லாமல் நாசி கோரெங்குக்கு அடிக்குரல் இல்லை. மணக்கிறது என்று ஆக்கள் முறைப்பட்டார்களாம், விட்டுவிட்டார். கூனியை வறுத்து இடித்துப் போட்டுப் பாருங்கள் ராத்தா, கூனி மணக்குது என்று நம்மட ஊரில் யார் சொல்லப் போகிறார்கள் என்றேன். யோசிப்பதாகச் சொன்னார்.

சாத்தே கோழி, சிரட்டைக் கரியில் சுட்டது. குறை இல்லை. சுடச்சுட அங்கேயே நின்று சாப்பிடுங்கள், பார்சலில் இறுகிவிடுகிறது.

என் மனிசி மாட்டிறைச்சி தொடமாட்டாள். அவளுக்குக் காடோ காடோ. அவித்த பயற்றங்காய், கோவா, உருளைக்கிழங்கு, முட்டை, மேலே கச்சான் அரைத்த தடித்த சோஸ். கச்சானைத் தோலோடு வறுத்துக் கொரகொரப்பாக அரைத்திருப்பதால் பல்லில் கடிபடுகிறது, புளியும் அளவு. ஆனால் தெம்பே இருக்க வேண்டிய இடத்தில் சோயா மீட் போட்டிருக்கிறார். சோயா அவரையை முழுசாக அவித்துப் பூஞ்சணம் பிடிக்கவைத்துக் கட்டியாக்குவது தெம்பே, அதற்கு இது ஈடாகாது. போடாமலே விடலாம். கூட வந்த சம்பலைத்தான் மனிசி விரலால் வழித்து முடித்தாள். சம்பல் என்ற சொல்லே அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். அவர்கள் காரி என்பது நம்மட கறி.

ரெண்டாங் ஒருவருக்கு 1,100 ரூபாய், மற்றவை அதிலும் குறைவு. வியாழன் பின்னேரத்துக்கு முந்திச் சொல்லிவிட வேண்டும், இறைச்சி அதற்கேற்பத்தான் எடுக்கிறார். மூடியுள்ள பாத்திரம் கொண்டு போங்கள், எண்ணெய் பொலித்தீனில் கசியும்.

ஊரை விட்டுப் பிழைக்கப் போகும் மினாங்கபாவ் ஆக்கள் இதைக் கட்டிக்கொண்டு போவார்கள், பல நாள் கெடாது என்று பாடாங்காரர் சொல்லுவார். போன ஞாயிறு அரைக் கிலோ வாங்கி, கொழும்பில் படிக்கும் மகனுக்கு இரவு ரயிலில் ஒரு தெரிந்த பொடியனிடம் கொடுத்துவிட்டேன். அறையில் பிரிட்ஜ் இல்லை. புதன்கிழமை கோல் எடுத்து, கடைசித் துண்டுதான் திறம், இன்னும் எப்ப வரும் அப்பா என்றான்.