கொட்டானா, கண்டாங்கியா: விற்றுச் சம்பாதிக்கும் அமைப்புக்கு மானியம் கொடுப்பது எப்படி?

காரைக்குடியில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. இந்த முறை ஒருவருக்குக் கொடுக்கத்தான் பணம் இருந்தது, கடைசியில் நின்றதோ இரண்டு பேர். பனையோலைக் கொட்டான், அதாவது சின்னக் கூடை, முடையும் பெண்களின் டிரஸ்ட் ஒன்று, கண்டாங்கிச் சேலை நெசவாளர்கள் சேர்ந்து தொடங்கிய, அவர்களே உறுப்பினர்களான கம்பெனியான உற்பத்தியாளர் நிறுவனம் இன்னொன்று. "சம்பாதிக்கிறவங்களுக்கு எதுக்கு மானியம்?" என்றார் கூட்டத்தில் ஒருவர். "சொந்தக் கால்ல நிக்கிறவங்களுக்குக் குடுத்தாத்தானே பணம் வீணாகாது" என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே விற்பனைத் தொகையைப் பார்த்துப் பேசினார்கள், அது எப்படி வந்த காசு என்று பார்க்கவில்லை.

காகிதத்தில் பார்த்தால் கண்டாங்கிதான் பலம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை, கையில் ஆர்டர், சுத்தமான கணக்கு. கேட்டது நூல் வாங்கப் பணம். நூலுக்கு இன்றைக்கே காசு கட்ட வேண்டும், சேலை விற்று வரவு வர மாதக்கணக்காகும், நடுவில் தறி சும்மா நிற்கும். கஷ்டம் உண்மைதான். ஆனால் நூல் விலை சேலை விலைக்குள் இருக்கிறது, வாங்குகிறவர் அதைத் திருப்பித் தந்துவிடுகிறார். திரும்பி வரும் காசுக்கு ஏற்றது கடன். நெசவாளர் முத்ரா என்ற அரசுக் கடன் திட்டத்தில் 6 சதவீத வட்டிக்கே கிடைக்கிறது. அப்புறம், உற்பத்தியாளர் நிறுவனம் உபரியை உறுப்பினர்களுக்குப் போனஸாகப் பிரிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. அதில் தப்பில்லை, ஆனால் மானியப் பணம் அந்த வழியில் போகக் கூடாது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை டிரஸ்ட், சொசைட்டி, லாப நோக்கில்லாத 8-ம் பிரிவுக் கம்பெனி போன்றவற்றின் மூலம் செலவு செய்யலாம், உற்பத்தியாளர் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கதவு அவர்களுக்கு மூடியே இருக்கிறது. இதற்காகவே ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

கொட்டான் டிரஸ்டின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் இவர்களுக்கு உதவியே வேண்டாம் போலத் தெரியும். மார்ச் 31-ல் வங்கியில் நல்ல இருப்பு. தை, மாசிக் கல்யாண ஆர்டர் முடிந்து பணம் வந்து சேர்ந்த நாள் அது, வேறெப்படி இருக்கும்? மாதவாரியாகக் கேட்டு வாங்கினேன். ஆடியிலும் மார்கழியிலும் வரவு அநேகமாக இல்லை, ஆனால் குருத்தோலை வாங்கிக் காயவைத்துச் சாயம் போட்டாக வேண்டும். விற்று வாழும் அமைப்பின் வருடக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரில் போனேன். தாழ்வாரத்தில் ஒரு அக்கா இரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் முடைந்த கொட்டான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதை வாங்கி, விளிம்பிலிருந்து ஓலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, மறுபடியும் அவள் கையிலேயே கொடுத்தார். அந்த ஓலைக்குக் காசு வராது. கொட்டானுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் அன்றைக்கு அந்த அக்காவுக்கும் பாதி நாள் போச்சு.

"சொல்லித் தர்ற நேரத்துக்கு யாருக்கா கூலி தர்றா?"

"யாரு தருவா? புள்ளைங்க பழகட்டும்னு செய்யுறேன்."

பேலன்ஸ் ஷீட்டில் லாபம் என்று எழுதியிருந்ததில் ஒரு பங்கு அந்த அக்காவுக்குப் போயிருக்க வேண்டிய கூலி. கொட்டான் வாங்குகிற கல்யாண வீட்டார் இதற்குத் தனியாகக் காசு தரப்போவதில்லை. எந்த வாடிக்கையாளரும் கொடுக்காத செலவுக்குத்தான் மானியம் என்பது என் கணக்கு.

ஒரு சிக்கல் இருந்தது. வருமான வரிச் சட்டத்தில் 'பொதுப் பயன்' வகையில் வரும் டிரஸ்டுக்கு வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வருடம் வரிவிலக்கு போய்விடும். வறுமை நிவாரண வகைக்கு அந்த வரம்பு இல்லை, ஆனாலும் வியாபாரம் டிரஸ்டின் நோக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தனிக் கணக்கும் வேண்டும். இவர்கள் எந்த வகை என்று ஆடிட்டரிடமிருந்து கடிதம் வாங்கிக்கொண்டேன்.

சரி, கொட்டானுக்கே என்று எழுதிக்கொடுத்தேன். நெசவாளர்களுக்கு முத்ரா விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மானியம் ஒரு வருடத்துக்கு, சொல்லிக்கொடுப்பவருக்கும் பழகுபவருக்கும் நாள் கூலியாக, நோட்டில் மணிக்கணக்கு எழுதி. ஆடி ஒன்றாம் தேதி ஆரம்பம், ஆர்டர் இல்லாத மாதத்தில்தானே கற்றுக்கொடுக்கக் கை ஒழியும்.