கிச்சன் சுவரை உடைத்து ஏழு வருஷம் ஆகிறது

ஆபீஸில் என் பக்கத்து சீட் தம்பி மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். போன வாரம் ஒரு த்ரீடி படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, உங்க வீடு மாதிரியே ஓப்பன் கிச்சன். ஓகேவா?" என்று கேட்டான். படத்தில் பளீரென்று வெள்ளை மேடை, மேலே தொங்கும் மூன்று விளக்கு, ஒரு கிண்ணம் நிறைய பச்சை ஆப்பிள். எண்ணெய்ச் சட்டி எங்கேயும் கண்ணில் படவில்லை. எட்டு மாதமாக வீட்டை விற்க அலைந்துகொண்டிருக்கிற கடுப்பில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது என்று ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பிவிட்டு நழுவிவிட்டேன். கடுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் அவன் இன்டீரியர்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு நங்கநல்லூரில். 2012-ல் கட்டியது, நாங்கள் 2014-ல் வாங்கினோம். இரண்டு பெட்ரூம், 1,050 சதுர அடி, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் போனதுதான் விற்பதற்குக் காரணம். வீடு பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் மாடிப்படியைப் பார்த்தே திரும்பிவிட்டார்கள். அந்தப் பழியைக் கிச்சன் தலையில் கட்டக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பில்டர் கொடுத்தது ஒழுங்கான கிச்சன்தான். தென்கிழக்கு மூலை. கிழக்கு ஜன்னலுக்குக் கீழே கறுப்பு கிரானைட் மேடை, ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் வெட்டுகிற, தங்கப் புள்ளி தெறித்த கல். வடக்கே ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஒரு நாலரை அங்குலச் சுவர், அதில் ஒரு கதவு. 2018 மே மாதம் அந்தச் சுவரை உடைத்தோம். தூண், பீம் எதையும் தொடவில்லை; அசோசியேஷனுக்கும் எழுதிக் கொடுத்தோம். சுவர் இருந்த இடத்தில் வெள்ளை குவார்ட்ஸ் மேடை போட்டு, அடுப்பை அதற்கு மாற்றி, ஹாலைப் பார்த்தபடி சமைக்கிற மாதிரி செய்தாயிற்று. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவருக்கு வால்பேப்பர் எல்லாம் சேர்த்து ஆறே கால் லட்சம். பழைய கிரானைட்டை எடுத்துப்போகிறேன் என்று மேஸ்திரி கேட்டார். அத்தை விடவில்லை. அது இப்போது மொட்டை மாடியில் டேங்க் பக்கம் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது.

மேடைக்கு வருகிறேன். போட்ட மூன்றாம் மாதம் ஆடிப் பெருக்கு. எலுமிச்சை சாதம் கிளறிவிட்டு அஞ்சறைப் பெட்டியை நகர்த்தினேன். அடியில் ஒட்டியிருந்த மஞ்சள்தூள் ஈரத்தில் ஊறி, வெள்ளை மேடையில் மூன்றாம் பிறை மாதிரி ஒரு கோடு. துணியால் துடைத்தேன். எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். சமையல் சோடாவைக் குழைத்து ராத்திரி முழுக்கப் பூசி வைத்தேன். காலையில் பிறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மேடை போட்டவருக்கு போன் செய்தால், "மேடம், கறை பிடிக்காதுன்னுதான் சொன்னோம். இது மஞ்சள்" என்றார்.

அவர் சொன்னதில் அரைவாசி உண்மை இருக்கிறது என்று பின்னால் புரிந்தது. குவார்ட்ஸ் மேடை வெட்டி எடுத்த கல் கிடையாது. குவார்ட்ஸ் துகளையும் தூளையும் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்கிற பலகை. கல்துகள் மஞ்சளை உறிஞ்சாது, பிசின் பிடித்துக்கொள்ளும். சூடும் அதற்கு ஆகாது. குக்கரை அடுப்பிலிருந்து நேராக இறக்கி வைத்த இடத்தில் காபி நிறத்தில் ஒரு அரைவட்டம் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், இதே மேடை எல் வடிவத்தில் திரும்பி கிழக்கு ஜன்னலடியில் சிங்க்கோடு முடிகிறது. அங்கே சிந்துகிற மஞ்சள் நாலைந்து நாள் காலை வெயில் பட்டால் தானாக வெளிறிவிடும். மஞ்சள் கறை பட்ட புடவையை வெயிலில் காயப்போடுகிற அதே கதைதான். ஹால் பக்கத்து மேடையில் வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஏழு வருஷமாக அந்தப் பிறை அமாவாசைக்கும் போகவில்லை, பௌர்ணமிக்கும் போகவில்லை. மொட்டை மாடியில் வெயிலும் மழையும் தின்றுகொண்டிருக்கிற கறுப்புக் கல்லில் ஒரு கீறல் கிடையாது. வடாம் காயப்போடப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

புகையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், தாளிக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அடுப்பு ஜன்னலை விட்டு நகர்ந்ததால் சிம்னி குழாயை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒன்பது அடி, இரண்டு திருப்பம் வைத்து இழுத்தார்கள். குழாய் நீளமானால், வளைந்தால் சிம்னியின் இழுப்பு குறையும் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை. பல்லில்லாத பாட்டி முறுக்கு கடிக்கிற மாதிரி அது இழுக்கும். மிளகாய் வத்தல் கிள்ளிப்போட்டால் டிவி பார்ப்பவர் இருமுவார். ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுத்தால் புதன்கிழமை வரை சோபா ஞாபகம் வைத்திருக்கும். ஹால் ஃபேன் இறக்கையில் பிசுக்கு ஏறி, அதன் மேல் தூசி படிந்து கம்பளி மாதிரி ஆகிவிடும். மாதம் ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. 2020-ல் அவர் ஆபீஸ் மீட்டிங்கில் எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்று டீமுக்கே தெரியும்.

இவ்வளவும் சொன்ன அதே வாயால் இதையும் சொல்கிறேன். அந்த மேடை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து சுவரைப் பார்த்து சமைத்தவள் நான். ஹாலில் எல்லோரும் சிரிப்பார்கள். "என்ன, என்ன?" என்று கரண்டியோடு ஓடி வருவதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். சுவர் போனபிறகு அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். பெண் மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போடுவாள், நான் இந்தப் பக்கம் தோசை வார்ப்பேன். கல்லிலிருந்து அவள் தட்டுக்கு இரண்டடி. அப்படிச் சாப்பிட்டுப் பழகியவளுக்கு இப்போது ஓட்டல் தோசையே ஆறிப்போனது மாதிரி இருக்கிறதாம். "நல்லா இருக்கிற வீட்டை உடைக்காதீங்க" என்று மூன்று நாள் பேசாமல் இருந்த அத்தைதான் அந்த இடத்தை முதலில் பிடித்துக்கொண்டார். கடையில் வாங்கிய உயர ஸ்டூலில் அவரால் ஏற முடியாது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொள்வார். மேடைக்கு மேலே தலை மட்டும் தெரியும். சின்ன வெங்காயம் உரித்தபடி சீரியலையும் கிரிக்கெட்டையும் மாறி மாறித் திட்டுவார். அவருக்கு எல்.பி.டபிள்யூ. விதி தெரியும் என்பதே சுவர் போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சரி, விற்பனைக்கு வருவோம். 85 லட்சம் சொன்னோம். இன்டீரியருக்கு அஞ்சு லட்சம் மேலே கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. புரோக்கர் போனில் கேட்ட முதல் கேள்வி, "யூடிஎஸ் எவ்வளவு மேடம்?" அதாவது நிலத்தில் நம் பங்கு எத்தனை சதுர அடி. அப்புறம் கார் பார்க்கிங் மூடினதா, மெட்ரோ வாட்டர் வருகிறதா. குவார்ட்ஸ் என்று நான் ஆரம்பித்ததும், "அதெல்லாம் நேர்ல பாத்துக்கலாம்" என்றார்.

நேரில் பார்க்க வந்த ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே செல்போனில் திசைகாட்டியைத் திறந்துவிட்டார். அடுப்புக்கு முன்னால் போய் நின்று, "இங்க நின்னு சமைச்சா வடக்கன்னா பார்ப்பேள்?" என்றார். ஆமாம் என்றேன். "அக்னி மூலையில கட்டிக் குடுத்த கிச்சனை நீங்களே இப்படித் திருப்பிட்டேளே" என்று எனக்காக வருத்தப்பட்டார். காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

அது பரவாயில்லை. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற இளம் தம்பதி ஒன்று வந்தது. அந்தப் பெண் மேடையைத் தடவிப் பார்த்து, இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். வாஸ்துவில் நம்பிக்கை இல்லை என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அப்புறம் அவர்களுடைய பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். டேப் பிடித்தார், கட்டடத்தின் வயசு கேட்டார், நிலப் பங்கு எழுதினார். ஆறே கால் லட்சத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வரைபடத்தைப் புரட்டிவிட்டு, "இங்க ஒரு சுவர் இருக்கணுமே" என்று மட்டும் கேட்டு ஒரு வரி குறித்துக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கணக்கு விளங்கியது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற உச்சவரம்பு வீட்டு மதிப்பில் 80 சதவீதம். 85 லட்சத்துக்கு அதிகபட்சம் 68 கிடைக்கும். மீதி 17 லட்சம் கைக்காசு. முத்திரைத் தீர்வை ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டுமாக ஒன்பது சதவீதம், அது ஏழரை லட்சத்துக்கு மேல், அதுவும் கைக்காசு. ஏற்கெனவே இருபத்தஞ்சு லட்சம் புரட்டிக்கொண்டிருப்பவரிடம் போய், பேங்க் மதிக்காத என் வெள்ளை மேடைக்கு இன்னும் அஞ்சு கொடு என்றால் எங்கே போவார்? பிடித்தவர்களிடமும் காசு இல்லை, காசு வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னது: "எங்களுக்கு ஓகேதான் மேடம். ஆனா நாங்க விக்கும்போது வாங்கறவங்க வாஸ்து பாப்பாங்களே." அவன்மேல் கோபம் வரவில்லை. 2018-ல் எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்றுதான் வந்தது.

மற்றதெல்லாம் சில்லறை. வால்பேப்பர் இரண்டாவது ஐப்பசி மழைக்கே ஓரத்தில் சுருண்டது. ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்து வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, "மேல ஏதாவது லீக்கை மறைச்சிருக்கீங்களா?" சிங்க் அடியில் மட்டும் ஈரம் தாங்குகிற ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் போட்டோம், இன்றைக்கும் கல் மாதிரி இருக்கிறது. குனிந்து பார்த்தவர் எவருமில்லை. வந்தவர்கள் வாயைப் பிளந்து பாராட்டியது நாங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத மூன்று விஷயத்தை: தேக்கு வாசக்கதவு, இரண்டு ரூமிலும் கான்கிரீட் லாஃப்ட், சர்வீஸ் ஏரியாவில் துணி துவைக்கிற கல். "லாஃப்ட் இருக்கே!" என்று ஒரு அம்மா சொன்ன சந்தோஷத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

தம்பி, உனக்குப் பதில் இதுதான். வேண்டாம். அடுப்பை இடம் மாற்றாதே. சுவரை முழுக்க உடைக்காதே. வேண்டுமானால் மேல்பாதியை மட்டும் எடுத்து இழுக்கிற கண்ணாடிக் கதவு வை. தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம், விற்கும்போது சுவர் என்று சொல்லிக்கொள்ளலாம். பில்டர் கொடுத்த கறுப்புக் கல்லைக் கழற்றினால் என்னிடம் பேசாதே. ஐந்துக்கு நான் இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன், அதிலும் ஒன்று தோசைக்காக.

சுவரைத் திரும்ப எழுப்பிவிடுங்கள், வீடு ஒரு மாதத்தில் போகும் என்கிறார் புரோக்கர். பழைய மேஸ்திரியையே கூப்பிட்டோம். சுவர், பூச்சு, பட்டி, அடுப்பையும் கேஸ் லைனையும் கிழக்கே திருப்புவது எல்லாம் சேர்த்து எழுபதாயிரம் கேட்டார், மொட்டை மாடிக் கல்லையே திரும்ப இறக்கிப் போட்டுத் தருகிறாராம். நியாயமான விலைதான். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, நேற்று விலையில் இரண்டு லட்சத்தைக் குறைத்துவிட்டோம்.

சனிக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனோம். லிஃப்ட் இருக்கிறது, அத்தைக்குத் திருப்தி. அந்த ஃபிளாட்டின் ஓனர் பால்கனியைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் கிச்சன் வாசலில் நின்று சுவரின் கனத்தைச் சாண் வைத்துப் பார்த்தேன். ஒரு சாண்கூட வரவில்லை. நாலரை அங்குலச் சுவர்தான்.