வில்டனா, ரெக்கார்டா, பார்க்கரா? பழைய வைஸ் வாங்கும் முன்

துருப்பிடித்த பழைய பெஞ்ச் வைஸ் (மேசையில் பொருத்தி, திருகை முறுக்கி, வேலை செய்யும் பொருளைத் தாடைகளுக்கு இடையே இறுகப் பிடிக்கும் கருவி) ஒன்று கண்ணில் பட்டால் இரண்டு கேள்விகள் எழும். இது எந்த வருஷத்தது? உள்ளே திருகும் நட்டும் தேயாமல் இருக்கின்றனவா? சேகரிப்பவர்கள் அதிகம் தேடும் பெயர்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம்: சிகாகோவின் வில்டன், ஷெஃபீல்டின் ரெக்கார்ட், கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரின் சார்ல்ஸ் பார்க்கர். வில்டன் தன் வயதைச் சொல்லிவிடும், திருகைக் காட்டாது. ரெக்கார்ட் திருகைக் காட்டும், வயதைச் சொல்லாது. பார்க்கர் வயதைப் பாதிதான் சொல்லும்.

முதலில் வில்டன். செக் நாட்டிலிருந்து குடியேறிய ஹியூ வோகல் 1941-ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி. பட்டறை அருகிலிருந்த தெருவின் பெயரையே வைத்துவிட்டார். இதன் பின்பக்கம் துப்பாக்கித் தோட்டா போல உருண்டு முடியும், அதனால்தான் 'புல்லட்' என்கிறார்கள். அந்த வடிவம் அழகுக்காக வந்ததில்லை. திருகும் நட்டும் மூடிய குழாய்க்குள் கிரீஸோடு உட்கார்ந்திருக்கின்றன. அரம் போடும்போது உதிரும் இரும்புத் தூள் உள்ளே போக வழியில்லை. மற்ற வைஸ்களின் மரையைத் தின்பதே அந்தத் தூள்தான்.

வயது பார்ப்பது எளிது. நகரும் தாடையை வெளியே இழுத்து, அதோடு வரும் உருளையின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது தயாரித்த தேதி இல்லை, ஐந்து வருஷ உத்தரவாதம் முடியும் தேதி. 4-60 என்றிருந்தால் வைஸ் பிறந்தது 1955 ஏப்ரல். ஆனால் 1944 என்று இருந்தால்? ஐந்தைக் கழித்தால் கம்பெனி தொடங்குவதற்கு முன்பே போய்விடும். அதனால் 1946-க்கு முந்தைய தேதிகளைத் தயாரித்த தேதியாகவே படிக்க வேண்டும். 'சிகாகோ' என்று வார்ப்பில் இருந்தால் பழையது. 1950-களின் பின்பகுதியில் ஷில்லர் பார்க்குக்கு மாறிய பிறகு அந்த ஊர்ப் பெயர் வந்துவிட்டது.

குறை என்ன? மூடிய குழாய் தேய்மானத்தையும் சேர்த்து மூடிவிடும். கைப்பிடியை முன்னும் பின்னும் மெல்லத் திருப்பி, தாடை அசையும் வரை எவ்வளவு வெறுமனே சுற்றுகிறது என்று பார்ப்பதுதான் வழி. அப்புறம் விலை. 2 அங்குலத் தாடை கொண்ட 'பேபி புல்லட்' கையில் அடங்கும் சாமான், ஆனால் பெரிய வைஸை விட அதிகம் கேட்பார்கள். அது வேலைக்கான விலை இல்லை, ஆசைக்கான விலை.

ரெக்கார்ட் வேறு குணம். சார்ல்ஸ், ஜோசப் ஹாம்ப்டன் சகோதரர்களின் ஷெஃபீல்டு கம்பெனி தயாரித்தது. நீல நிறம், நேராக மேசையில் போல்ட் போடும் கனத்த உடம்பு, பெரும்பாலும் சுழலும் அடித்தளம் கிடையாது. நம்மூர் ஐ.டி.ஐ-களிலும் லேத் பட்டறைகளிலும் பார்க்கும் வைஸ்கள் இந்த ஜாதிதான். இந்தியத் தயாரிப்பாளர்கள் இன்றும் 'ரெக்கார்ட் டைப்' என்று எழுதியே விற்கிறார்கள்.

வார்ப்பில் இருக்கும் எண்ணைத் தாடை அகலமென்று நினைக்கக் கூடாது. 3-ம் எண்ணுக்கு 4 அங்குலம், 4-ம் எண்ணுக்கு நாலரை. 5, 6 எண்கள் அங்குலத்தோடு ஒத்துப்போகும். 23, 24, 25 என்றால் நெம்புகோலை அழுத்தி வேகமாக நகர்த்தும் வகை. அதில் அரை நட்டின் (திருகை ஒரு பக்கம் மட்டும் கவ்வி, நெம்புகோலை அழுத்தினால் விடும் நட்டு) தேய்மானத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேதி எங்கும் இல்லாததால் ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல வழியில்லை. அதற்குப் பதிலாக, குனிந்து அடியில் பார்த்தால் திருகும் நட்டும் கண்முன் கிடக்கும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனால் தாடை கழன்றுவிடும். (கடைசிச் சுற்றில் ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், கால் விரல் முக்கியம்.) தாடைத் தகடுகளைப் பிடிப்பவை சாதாரண ஸ்குரூக்கள். அவை இறுகிப்போயிருந்தால் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் பொறுக்கலாம்.

பார்க்கர் வயதில் மூத்தது. மெரிடன் நகரின் முதல் மேயரான சார்ல்ஸ் பார்க்கரின் கம்பெனிகள் காபி அரைவைகளும் துப்பாக்கிகளும் செய்தன. வைஸும் அவற்றில் ஒன்றுதான். வார்ப்பில் காப்புரிமைத் தேதிகள் இருக்கும். அதைத் தயாரித்த ஆண்டென்று விற்பவர் அடித்துச் சொல்வார். இருப்பதில் கடைசித் தேதி, 'இதற்கு முன் செய்திருக்க முடியாது' என்பதை மட்டுமே காட்டும். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அதே அச்சில் வார்த்தார்கள் என்பதைச் சொல்லாது. பார்வைக்கு மூன்றிலும் அழகு இதுவே.

மூன்றுக்கும் பொதுவான எமன் விரிசல். நகரும் தாடை நுழையும் வாய்ப்பகுதியின் ஓரங்களில்தான் அதிகம் வரும். புதிதாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்த வைஸைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். துருவோடு இருப்பது நேர்மையாக இருக்கும். பெயிண்டுக்கு அடியில் பொன்னிறக் கோடு தெரிந்தால் பித்தளை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நன்றாகச் செய்த ஒட்டு பல காலம் தாங்கும், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே காரணம்.

துரு எடுக்க வினிகரில் ஊறவைப்பது சின்னச் சாமான்களுக்குச் சரி. மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அரிக்கும். பெரிய உடம்புக்கு மின்பகுப்பு: தண்ணீரில் சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை வைஸிலும் நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டுவது. துருவோடு பழைய பெயிண்டும் கழன்று வரும். நேர்முனையில் எவர்சில்வரை மட்டும் மாட்டக் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலந்துவிடும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். எடுத்த உடனே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் அன்று மாலையே மஞ்சள் துரு மறுபடி படரும்.

அலமாரியில் வைக்கப் பார்க்கர், ஆண்டுக் கணக்கோடு சேகரிக்க வில்டன். தினமும் அரம் போட ஒன்றே ஒன்று என்றால் நான் ரெக்கார்ட் 3-ஐ எடுப்பேன். வாங்கும் இடத்திலேயே குனிந்து அதன் நட்டைப் பார்த்துவிடலாம் என்பது எனக்குப் போதும்.