ஃபிளாப் பயிற்சி ஆப்: மூன்று மாதம் சந்தா கட்டியவனின் அபிப்பிராயம்

நான் ரம்மி ஆடி வளர்ந்தவன். 5, 6, 8 கையில் இருந்தால் நடுவில் ஒரு 7 வராதா என்று கடைசி வரை காத்திருக்கிற ஆள். அதே புத்தியோடு டெக்சாஸ் ஹோல்டெம் என்கிற போக்கர் சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டு மொட்டைமாடியில், காசு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் சிப்ஸ்தான், அதிலேயே முதலில் காலியாவது நான்தான். கைக்கு வரும் இரண்டு சீட்டோடு ஆடலாமா வேண்டாமா என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஃபிளாப் என்று மூன்று பொதுச்சீட்டு மேஜையில் விழுந்ததும்தான் உதறல் எடுக்கும். அதற்காகவே இந்த ஆப். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பேர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கையில் ஏஸும் ராஜாவும் இருந்தாலும் ஃபிளாப்பில் ஜோடி சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவைதான் என்பதைக் கை மேல் கையாகப் போட்டு மண்டையில் ஏற்றிவிடுகிறது. எதிராளிக்கும் அதே கதிதானே. அதனால் இஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் 7, கிளாவர் 2 என்று ஒட்டாத ஃபிளாப் வந்தால், முதலில் ரைஸ் செய்தவர், அதாவது பந்தயத்தை ஏற்றியவர், நடுவில் சேர்ந்திருக்கும் சிப்ஸில் (அதுதான் பாட்) மூன்றில் ஒரு பங்கு போட்டாலே போதும். நாலில் ஒரு தடவை எதிராளி ஒதுங்கிக்கொண்டால்கூட அந்தப் பந்தயத்தில் (பெட்) நஷ்டமில்லை. ஜாக்கி, 10, 9, அதில் இரண்டு ஆர்ட்டின் என்று விழுந்தால் கதை வேறு, அது எதிராளி கையோடு சுலபமாக ஒட்டும்; வெறுங்கையோடு இருப்பவன் எதுவும் போடாமல் செக் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதே மேல். என் சீட்டையே முறைத்துக்கொண்டிருந்தவனை மேஜையைப் பார்க்க வைத்த புண்ணியம் இந்த ஆப்புக்குத்தான்.

கடுப்பேற்றியது இரண்டாம் பாடம். ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு சேர்ந்தால் பலமான கை. ஃபிளாப்போடு சேர்த்து நாலு ஆர்ட்டின் ஆகிவிட்டதா, மிச்சம் 9 ஆர்ட்டின், நாலால் பெருக்கு, 36 சதவீதம். எதிராளி பாதி பாட் போட்டால் ஜெயிக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும், கால் செய், அதாவது நீயும் அதே அளவு போட்டுத் தொடர் என்கிறது. ஆனால் நாலால் பெருக்குவது, மேற்கொண்டு எதுவும் கட்டாமல் டர்ன், ரிவர் என்கிற அடுத்த இரண்டு பொதுச்சீட்டையும் பார்க்க முடிந்தால்தான், அதாவது இருக்கிற சிப்ஸ் முழுக்கப் போட்டு ஆல்-இன் ஆகிவிட்டால்தான். அடுத்த ஒரு சீட்டுக்கு என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், 18தான். ஆர்ட்டின் விழுந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் கறக்க முடியும் என்றால் கால் செய்யலாம், அது வேறு கணக்கு. இதையெல்லாம் பதினோராம் பாடத்தில் போய்ச் சொல்கிறார்கள்! அதற்குள் மூன்று ஞாயிறு, டர்னில் அவன் இன்னொரு பெரிய பெட் போட, நான் சீட்டைக் கீழே வைக்க, சிப்ஸ் எல்லாம் போயிற்று.

அப்புறம், பயிற்சி முழுக்க இரண்டு பேர் ஆட்டம். எங்கள் மாடியில் ஆறு பேர், ஜோடி 4 வைத்திருப்பவர்கூட ரிவர் வரை வந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அங்கே வெறுங்கையோடு பெரிதாகப் போட்டு மிரட்டும் பிளஃப் எடுபடாது. நல்ல கை வந்தால் மட்டும் பெரிதாகப் போடு என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இலவசமாகத் தினமும் கொடுக்கும் பத்துக் கையே எனக்குப் போதும்.

போன வாரம் கையில் 9, 8. மேஜையில் ராணி, 6, 5. ஒரு 7 வந்தால் 5 முதல் 9 வரை வரிசை சேர்ந்துவிடும். எதிராளி முழுப் பாட் போட்டார். இருக்கிற நாலு 7-இல் ஒன்று அடுத்த சீட்டாக வர 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். யோசிக்காமல் ஒதுங்கினேன். டர்னில் 7 விழுந்தது. மாடியே சிரித்தது.