கண்ணாடி வீடா, பழைய பங்களாவா, சந்து வீடா? குன்னூரில் ஒரே நாளில் பார்த்த மூன்று வீடுகள்

கோயம்புத்தூரில் என் தங்கச்சி வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஓடுவது ‘ஹவுஸ் ஹன்டர்ஸ்’. 1999-லிருந்து எச்.ஜி.டி.வி. காட்டிவரும் அமெரிக்க நிகழ்ச்சி. ஒரு குடும்பம் அரை மணி நேரத்தில் மூன்று வீடு பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். சுவர் நிறம் பிடிக்கவில்லை என்று உருப்படியான வீட்டைத் தள்ளுவார்கள். சமையல் மேடைக் கல் மின்னுகிறது என்று கைக்கு மீறிய விலையில் போய் விழுவார்கள். அதில் வருகிற பலர் வீட்டை முன்பே வாங்கி முடித்தவர்கள், மற்ற இரண்டும் கேமராவுக்காகச் சுற்றிப் பார்த்தவை என்பது 2012-லேயே வெளியே வந்துவிட்டது. அது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. நான் பார்த்த எந்தக் குடும்பமும் வீட்டுக்குப் பின்பக்கம் போய் மண்ணைப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

இந்த மே மாதம் தங்கச்சி குடும்பம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு குன்னூருக்கே வீடு பார்க்க வந்தது. தங்கச்சி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. நான் இங்கே 22 வருஷமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். அந்த நிகழ்ச்சியில் வருவது போலவே ஒரே நாளில் மூன்று வீடு பார்த்தோம்.

முதல் வீடு கோத்தகிரி ரோட்டில், ரோட்டுக்குக் கீழே. 95 லட்சம் சொன்னார்கள். ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தப் பக்கம் தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே மேட்டுப்பாளையம் சமவெளி. தங்கச்சி கண்ணாடிப் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். “அண்ணா, காலையில இங்க உக்காந்து காப்பி குடிச்சா எப்படிங்ண்ணா இருக்கும்!”

அழகாகத்தான் இருக்கும், மேகம் இறங்காத நாட்களில். நான் வீட்டுக்குக் கீழே இறங்கிப் போனேன். சரிவை வெட்டி எடுத்த மண்ணையே முன்பக்கம் நிரவி, அந்த நிரப்பு மண்ணின் மேல்தான் ஹால் நிற்கிறது. அதைத் தாங்குவது 15 அடித் தடுப்புச்சுவர். தண்ணீர் வடிய விட்ட துளைகள் நாலே நாலு, அதிலும் இரண்டைச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்கள். நடுவில் சுவர் வயிறு தள்ளியிருந்தது. சுவருக்குக் கீழே சில்வர் ஓக் மரங்கள் அடியில் சாய்ந்து, பிறகு மேல்நோக்கி வளைந்து வளர்ந்திருந்தன. மண் மெல்ல மெல்ல நகரும் இடத்தில் மரம் இப்படி நிற்பதுண்டு. போதாததற்கு, மேலே ரோட்டுப் பாலத்துத் தண்ணீர் நேராக இந்த நிலத்தில் வந்து இறங்குகிறது.

2009 நவம்பரில் இங்கே பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. கோயம்புத்தூருக்கு வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு வராது. அந்தச் சமயம் நீலகிரி மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டிக்குப் பக்கத்து லவ்டேல் காந்தி நகரில் தடுப்புச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தபோது மண்ணும் கட்டடமும் சரிந்து கூலிக்கு வந்த 6 பெண்கள் செத்துப்போனார்கள். அது மழைக்காலம்கூட இல்லை. அதற்குப் பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது சுவருக்குப் பின்னால் இருக்கிற மண்.

“சுவரைச் சரி பண்ணிக்கலாம்ல மச்சான்?” என்றார் மாப்பிள்ளை. பண்ணலாம். பொக்லைன் இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும். கையால் வெட்டுவதென்றால் அந்த ஈர மண்ணடியில் என் ஆட்களை நான் இறக்க மாட்டேன். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 48 படி வேறு. மாப்பிள்ளையின் அம்மா 20-வது படியில் உட்கார்ந்தவர், நாங்கள் திரும்பி வரும்வரை எழவில்லை. சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாமே அந்தப் படியில்தான் போய் வர வேண்டும்.

இரண்டாவது, சிம்ஸ் பூங்காவுக்கு மேலே வெள்ளைக்காரன் காலத்து பங்களா. 1.4 கோடி. இடத்துக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். மலை முதுகில் சமமான நிலம், தண்ணீர் மூன்று பக்கமும் தானாக ஓடிவிடும், காலை வெயில் நேராக விழும். அந்தக் காலத்தில் இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றரை அடிக் கல் சுவர், பலகைத் தளம், ஹாலில் குளிர்காயக் கணப்பு அடுப்பு. மாப்பிள்ளை கணப்புக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

கெடுதல் பிற்பாடு செய்ததுதான். சுண்ணாம்புக் காரை மூச்சு விடும். அதன் மேல் யாரோ சிமெண்ட் பூசி, அதற்கு மேல் பளபளக்கும் பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பீரோவை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம். கூரை மரத்தில் பேனாக் கத்தி அரை அங்குலம் இறங்கியது. கூரையை மாற்றி, பூச்சைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க 30 லட்சம் ஆகும் என்பது என் கணக்கு. பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுகள் ஏழு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். கையில் பணமும் பொறுமையும் உள்ளவருக்கு மூன்றில் இதுதான் நல்ல வீடு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதத் தவணை கட்டப்போகிற என் தங்கச்சிக்கு இது ஆகாது.

மூன்றாவது வெலிங்டன் பக்கம், ஒரு சந்துக்குள். 62 லட்சம், இரண்டு படுக்கையறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி. சுவர் முழுக்கக் கிளிப்பச்சை. தங்கச்சி வாசலிலேயே முகம் சுளித்தாள்.

“இந்த நிறத்தை எப்படிங்ண்ணா தினமும் பார்க்கறது?”

“ரெண்டு ஆள், மூணு நாள். மாத்திடலாம் கண்ணு.”

கார் வாசல்வரை வருகிறது. மண் வெட்டாத பாறைமேல் அஸ்திவாரம், 15 மழைக்காலம் பார்த்தும் மூலையில் ஒரு விரிசல் இல்லை. கூரை தாழ்வு, அதனால் டிசம்பர் குளிரில் சீக்கிரம் சூடு பிடிக்கும். குன்னூருக்குக் குடிதண்ணீர் தரும் ரேலியா அணைத் தண்ணீர் கோடையில் நாள் தள்ளித் தள்ளித்தான் குழாயில் வரும். அதற்கு இங்கே 8,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. கண்ணாடி வீட்டில் இருந்தது 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று. தாய்ப்பத்திரம், வில்லங்கம், கட்டட அனுமதி மூன்றையும் என் கையில் வாங்கிப் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கின்றன. சமையலறை சின்னதுதான், அது எனக்கும் வருத்தம்.

மாப்பிள்ளைக்கு இன்னும் மனசு கண்ணாடி வீட்டில்தான் கிடக்கிறது. ஊருக்குப் போனதும் கண்ணாடிப் பக்கம் எடுத்த போட்டோவை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். நான் ஒன்றுதான் கேட்டேன்: ஐப்பசியில் மழை பிடித்து இரண்டு நாள் ஆனதும் வாருங்கள், அந்தச் சுவருக்குக் கீழே நாம் இருவரும் பத்து நிமிஷம் நிற்போம், அதற்கு முன் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். சரி என்றிருக்கிறார்.

சந்து வீட்டிலும் ஒரு குறை உண்டு. மேல்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் இவர்கள் பக்கச் சுவரில்தான் விழுகிறது. ஒரு பைப் போட்டுச் சாக்கடையில் இறக்கச் சம்மதிப்பாரா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.