சேனையிலிருந்து சோளன் மூட்டை: தலையா, காவுதடியா, சைக்கிளா?

மட்டக்களப்பின் பதுளை வீதியில் கரடியனாறு, உறுகாமம் தாண்டி உள்ளே இறங்கினால், காடு வெட்டிப் பயிர் செய்யும் சேனைக்கும் லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு டிராக்டர்) வந்து நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதைதான். மாரிச் சோளன் முறிக்கிற தை, மாசியில் அந்தப் பாதையும் முழுசாகக் காய்ந்திருக்காது. மேட்டில் புழுதி, பள்ளத்தில் சேறு, இடையில் ஒரு நீரோடை. மூட்டையை எப்படி வெளியே எடுப்பது என்பதை இந்தப் பாதைதான் முடிவு செய்கிறது.

எந்த வழி என்றாலும் சுமையை முதலில் சேனையிலேயே குறைத்துவிட வேண்டும். அவித்து விற்கப்போகும் பச்சைப் பொத்திக்கு மடல் வேண்டும், அது வேறு கதை. காய்ந்த சோளனை மடலோடும் தக்கையோடும் சுமப்பது வீண் கூலி. உதிர்த்து, மணியாகக் கட்டுங்கள்.

தலைச்சுமைக்குச் செலவே இல்லை. சாரனைச் சுருட்டிச் சும்மாடு வைத்தால் போதும், பற்றை நெருக்கமான இடத்திலும் நுழையலாம். கென்யப் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்துக் கூடுதல் சக்தி செலவில்லாமல் நடப்பதாக 1986-இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லின. அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் 55 கிலோ ஆளுக்கு 11 கிலோதான். நம் ஆட்கள் தூக்குவதோ அரை மூட்டை, 25 கிலோ. கழுத்து தாங்கும், ஆனால் எத்தனை நடைக்கு? காலடியையும் குனிந்து பார்க்க முடியாது. கிட்டத்துச் சேனைக்கு மட்டும் சரி.

தோளில் வைத்து இரண்டு முனையிலும் மூட்டை தொங்கவிடும் காவுதடியை இப்போது பொடியன்மார் தொடுவதில்லை. எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு. மூங்கில் வளைந்து நிமிர்வதால் களைப்பு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். வளையும் தடியோடு ஆட்களை ஓடவிட்டு 1991-இல் அளந்தபோது சக்தி மிச்சமாகவில்லை, தோளில் விழும் அடிதான் தணிந்தது. அதுவே பெரிய விஷயம். ஓடைக்குள் இறங்கும்போது கண் காலில் இருக்கும், ஒரு கை தடியில், மற்றக் கை வெறுமையாக. இரண்டு பக்கமும் சம எடை வேண்டும், மூட்டைகள் முழங்காலுக்கு மேலே தொங்க வேண்டும். கயிறு நீண்டுவிட்டால் அடிக்கடி மூட்டை காலில் இடிக்கும். நெருக்கமான பற்றைக்குள் மட்டும் தடி தொல்லைதான், திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் கொப்பில் மாட்டும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதை நம் விறகுக்காரர்களிடம் பார்த்துப் படிக்க வேண்டும். கரியரில் ஒரு மூட்டை குறுக்கே, பாருக்குக் கீழே முக்கோண இடைவெளியில் ஒன்று, எல்லாம் பழைய டியூப் பட்டியால் இறுக்கி. ஹேண்டிலில் ஒரு நீளக் கம்பு கட்டினால் பக்கத்தில் நடந்தபடியே திருப்பலாம், சீட்டுக்குக் கீழே நிமிர்த்திக் கட்டிய இன்னொரு கம்பு வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். 1954-இல் பிரெஞ்சுப் படையோடு நடந்த தியன் பியன் பூ சண்டைக்கு வியட்நாமியர் இப்படித்தான் ஒரு சைக்கிளில் 200 கிலோ அளவில் தள்ளிப்போனார்கள். எடையை மண் தாங்குகிறது, ஆளுக்குத் தள்ளுவதும் சமநிலையும்தான் வேலை. காய்ந்த சமதரையில் மற்ற இரண்டும் கிட்டவே வரமுடியாது.

சேற்றில் கதை மாறும். மட்காட்டுக்கும் டயருக்கும் நடுவில் களி அடைத்துச் சில்லு நின்றுவிடும். மட்காட்டைக் கழற்றிவிட்டுப் போவதுதான் புத்தி. இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, பின்னாலிருந்து ஒருவர் கயிற்றில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மணலில் சில்லு புதையும்.

ஆக, மேட்டுச் சேனையும் ஓடையும் இருந்தால் ஓடைக்கு அக்கரை வரை காவுதடி, அங்கிருந்து சைக்கிள் என்பதே என் கட்சி. இரண்டு பேர் வேண்டும். தனி ஆள் என்றால் காவுதடியோடு இரண்டு நடை போகலாம்.

யானையையும் கணக்கில் சேருங்கள். சோளன் இருக்கும் இடத்துக்கு அது கட்டாயம் வரும். தலைமூட்டையை ஒரு நொடியில் தள்ளிவிடலாம், காவுதடியைத் தோளைத் தாழ்த்தினாலே கழற்றலாம். இரண்டு மூட்டை கட்டிய சைக்கிளை விட்டு ஓட மனம் வராது, அதுதான் ஆபத்து. அதனால் சைக்கிள் பொழுது சாயுமுன்பே வீதிக்கு ஏறியிருக்க வேண்டும், மிச்ச மூட்டை மறுநாள் காலை வரட்டும்.