புருவத்தில் அடி, சீட்டில் ‘கண் நார்மல்’: அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்

ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்து புருவ ஓரம் கிழிந்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப நடப்பது இது. ஊரும் ஆளும்தான் மாறும். அவசரப் பிரிவில் புருவத்துக்கு நாலைந்து தையல், ஒரு டி.டி. ஊசி. இமை வீங்கி மூடியிருக்கும். அதை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, “முழி சிவந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல” என்று ஆன்டிபயாடிக் சொட்டு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் ‘கண் நார்மல்’. வீக்கம் வடிய நாலு நாள் ஆகும். ஐந்தாம் நாள் நல்ல கண்ணைக் கசக்கும்போதுதான் தெரியவரும், அடிபட்ட பக்கம் இருட்டு.

முழியில் காயம் இல்லாமலே பார்வை போகும். நெற்றியில் விழுந்த அடி எலும்பு வழியாகவே பின்னால் இறங்கி, பார்வை நரம்பு மண்டையோட்டுக்குள் நுழைகிற எலும்புக் குழாயைத் தாக்குகிறது. கண்குழிக்குள் நரம்புக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாய்க்குள் நரம்பின் உறை எலும்போடு ஒட்டிக் கிடக்கும். வீங்கினால் விலக இடமில்லை. இது நடந்த பிறகும், கருவி வைத்து உள்ளே பார்த்தால் நரம்பின் முனை நல்ல நிறத்தோடுதான் இருக்கும். அது வெளுக்க 4 முதல் 6 வாரம் ஆகும். ஆகவே “உள்ள பார்த்தாச்சு, நல்லா இருக்கு” என்று முதல் நாள் சொன்னது பொய்யில்லை. அது போதாது, அவ்வளவுதான்.

அன்றே காட்டிக்கொடுக்கக்கூடியது ஒரு டார்ச். அறை விளக்கை மங்கலாக்கி, தூரத்தில் பார்க்கச் சொல்லி, நல்ல கண்ணில் 2, 3 விநாடி ஒளி காட்டிவிட்டுச் சட்டென்று அடிபட்ட கண்ணுக்கு மாற்ற வேண்டும். ஒளி பட்டும் கண்மணி சுருங்கியபடி நிற்காமல் விரிந்தால் நரம்பில் கோளாறு. மருத்துவர்கள் இதை ஆர்.ஏ.பி.டி. என்பார்கள். நினைவில்லாத நோயாளிக்கும் செய்யலாம். அடிபட்டதில் கண்மணியின் தசையே கிழிந்து அசையாமல் நின்றால், அடிபட்ட கண்ணில் ஒளி காட்டிவிட்டு நல்ல கண்ணின் கண்மணியைக் கவனிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கண்மணியைப் பெரிதாக்கும் சொட்டை முதலில் விட்டுவிட்டால் சோதனையே கெட்டுவிடும். தலைக்காயமும் இருந்தால் மூளைக்காகக் கண்மணியைக் கவனித்துக்கொண்டிருப்பவர்களும் குழம்பிப்போவார்கள்.

வீட்டார் செய்யக்கூடியது: நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, அடிபட்ட கண்ணால் விரல் எண்ணச் சொல்லுங்கள். சிவப்புப் பேனா மூடி ஒன்றை மாற்றி மாற்றிக் காட்டுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறிய செங்கல் நிறமாகத் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். இமையைப் பிதுக்கித் திறக்க வேண்டாம். முழி கிழிந்திருந்தால் அந்த அழுத்தமே உள்ளிருப்பதை வெளியே தள்ளும்.

கண் புடைத்து, இமை கல்லாக இறுகி, வலியோடு பார்வை குறைந்துகொண்டே போனால் முழிக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கலாம். அப்போது ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கக் கூடாது. வெளி ஓரத்தில் இமையை வெட்டித் தளர்த்த வேண்டும், அதுவும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள். மற்றவர்களுக்கு 1 மில்லிமீட்டர் அளவில் மெல்லிசான துண்டுப் படங்களாக எடுத்த கண்குழி சி.டி. ஸ்கேன் வேண்டும். மூளைக்கு எடுத்த சாதாரண சி.டி.யில் அந்தச் சின்னக் குழாயின் விரிசல் தப்பிவிடும்.

இனி காசு கறக்கும் கட்டம். பார்வை போனது தெரிந்ததும் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள். அதைப் போடுவதையே மோசடி என்று சொல்ல முடியாது. “இதைப் போட்டா பார்வை வந்துடும்” என்று உறுதி கொடுப்பதுதான் மோசடி. 1999இல் 133 பேரை வைத்து வந்த சர்வதேச ஆய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 52%, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 32%, எதுவும் செய்யாதவர்களில் 57% பேருக்குப் பார்வை, எழுத்துப் பலகையில் மூன்று வரி முன்னேறியது. எதுவும் செய்யாதவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு, ஆகவே ‘சும்மா இருப்பதே மேல்’ என்று இதைப் படிக்கக் கூடாது. ஆனால் தானாகவே தெளிகிற கண்கள் நிறைய உண்டு என்பது உறுதி. தலைக்காயமும் இருந்தால் சங்கதி வேறு: 2004இல் வெளியான 10,008 பேர் ஆய்வில், இதே மருந்து பெற்றவர்களில் 21.1% பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9%. ஊசிக்குக் கையெழுத்துக் கேட்கும்போது இதைக் கேளுங்கள். மூக்கு வழியாக அந்தக் குழாயின் எலும்பை எடுக்கும் அறுவை சிகிச்சை என்றால், எலும்புத் துண்டு நரம்பை அழுத்துவதைச் சி.டி.யில் காட்டச் சொல்லுங்கள். முதல் நாளே வெளிச்சம்கூடத் தெரியாமல் போன கண்ணுக்கு வாய்ப்பு குறைவு என்பதை மறைக்காமல் சொல்கிறார்களா என்றும் பாருங்கள்.

தானாகத் தெளியும் அந்தக் கண்கள்தான் ‘நரம்பை உயிர்ப்பிக்கிறோம்’ என்பவர்களின் விளம்பரப் படங்கள். பி12 ஊசி, மின்தூண்டல், கண் பயிற்சி, கடைசியில் லட்சக்கணக்கில் ஸ்டெம் செல். அறுந்த நரம்பிழையைத் திரும்ப வளரவைக்கும் சிகிச்சை இன்று எந்த ஊரிலும் இல்லை. இதற்கு ஸ்டெம் செல் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல். ஃபுளோரிடாவில் 2015இல் விழித்திரை நோய்க்காக இப்படிப் பணம் கட்டி, இரண்டு கண்ணிலும் ஊசி போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் இருந்த பார்வையையும் பெருமளவு இழந்தார்கள்.

‘ஃபீல்டு டெஸ்டில் (ஒளிப்புள்ளி தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் பார்வைப் பரப்புச் சோதனை) முன்னேற்றம்’ என்று இரண்டு தாளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவார்கள். முதல் தடவை பொத்தானை எப்போது அழுத்துவதென்று யாருக்கும் பிடிபடாது. இரண்டாம் தடவை பழக்கத்திலேயே தாள் தேறும். கண்ணுக்குள் நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் தாளைக் கேளுங்கள், மெலிந்த நரம்பிழைப் படலம் பழக்கத்தால் தடிக்காது.

காகித விஷயம் ஒன்று. விபத்து என்றால் ஏ.ஆர். காப்பியில் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) முதல் நாளே இரண்டு கண்ணின் பார்வை அளவையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். இமை திறக்கவில்லை என்றால் ‘பார்க்க இயலவில்லை’ என்றாவது இருக்கட்டும். ‘நார்மல்’ என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டித்தான், ஆறு மாதம் கழித்து, பார்வை போனதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதாடுவார்.